ஒன்பது பேருக்குச் சொல்லாத சேதி

ஆசியா உம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். அப்படிப்பட்டவர் ஒரு பொய்யை எட்டு மாதம் கட்டிக்காத்தார் என்றால், மகள் மேல் வைத்த உயிர்தான் காரணம்.

மகள் றம்ஸியாவுக்குத் தலசீமியா. உடம்பு தனக்கு வேண்டிய இரத்தத்தைத் தானே சரியாக உண்டாக்கிக்கொள்ளாத நோய். கைக்குழந்தையாக இருந்தபோதே கண்டுபிடித்தார்கள். இப்போது வயது இருபத்தைந்து. மூன்று கிழமைக்கு ஒருதரம் பிறர் கொடுத்த இரத்தத்தை ஏற்றிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனாள், சோதனை பாஸ் பண்ணினாள், சாய்ந்தமருதில் பிள்ளைகளுக்குக் கணக்கும் படிப்பிக்கிறாள்.

அவளுக்கு வேண்டியது ஓ நெகட்டிவ். லேசில் கிடைக்காத சாமான். அதனால் ஒன்பது பேர் முறை வைத்து அவளுக்காகக் கை நீட்டி வந்தார்கள். மீன் வியாபாரி ஷிப்லி ஒரு வட்ஸ்அப் குழு வைத்து, இந்தத் தரம் யாருடைய முறை என்று அறிவிப்பான். றம்ஸியா வாய்க்கு வாய் பேசினால் அது ஷிப்லியின் இரத்தம் என்பார்கள். விடிந்தும் படுத்துக் கிடந்தால் காரைதீவுச் செல்லத்தம்பியின் இரத்தம் என்பார்கள். வயற்காரரான செல்லத்தம்பி பாவம், ஒருநாளும் விடிந்தபின் எழும்பியதில்லை. ஆனாலும் அந்தப் பழியைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வார்.

இனிப் பொய்யின் கதை. வெளிநாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, மரபணுவைத் திருத்தும் புது வைத்தியத்துக்கு ஆட்களைத் தேடியது. றம்ஸியா எழுதிப் போட்டாள், எடுபட்டுவிட்டாள். பிறந்த பிள்ளையின் உடம்பில் நல்ல இரத்தம் ஊறச் செய்யும் மரபணு ஒன்று உண்டு. சில மாதத்தில் உடம்பே அதை அணைத்துவிடும். அணைக்கிற அந்தச் சுவிட்சைத்தான் டொக்டர்மார் வெட்டினார்கள். அவளுடைய எலும்பு மச்சையின் செல்களை வெளியே எடுத்து, வெட்டித் திருத்தி, திரும்ப உடம்பிலேயே விட்டார்கள். இடையில் தலைமுடி முழுக்க உதிர்ந்தது, வாய் வெந்தது, ஒரு மிடறு தண்ணீர் குடிக்க அழுதாள். எல்லாம் தாண்டி ஊர் திரும்பி இரண்டு கிழமை.

இது எதுவும் ஊருக்குத் தெரியாது. கொழும்பில் மாமி வீட்டில் நின்று இரத்தம் ஏற்றுகிறோம் என்றுதான் ஆசியா உம்மா சொல்லி வைத்திருந்தார். முன்னொரு காலம், றம்ஸியாவின் தம்பியுடைய எலும்பு மச்சை அவளுக்குப் பொருந்தும் போலிருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தெருவெல்லாம் தொதல் கிண்டி இனிப்புப் பங்கிட்டவர் அவர். அடுத்த கிழமை பொருந்தாது என்று முடிவு வந்தது. ஊரார் கண்பட்ட கண்ணூறும் வாய்பட்ட நாவூறும்தான் கெடுத்தது என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு நல்ல சேதியைக் கறப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை.

டொக்டர் சொல்லியனுப்பியது இதுதான்: கடைசியாக இரத்தம் ஏற்றித் தொண்ணூறு நாள் கழித்துச் சோதியுங்கள்; ஹீமோகுளோபின் எண் பத்துக்குக் கீழே போகாவிட்டால், செல்கள் வேர்பிடித்துவிட்டன. போனால், பழையபடி ஊசியும் பையும்தான். அந்தத் தொண்ணூறாம் நாள் புதன்கிழமை.

காலையில் உம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய், சோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு றம்ஸியா திரும்பினால், இரத்த வங்கி வாசலில் செல்லத்தம்பி. வெள்ளைச் சேட்டு, நெற்றியில் திருநீறு, காலில் மட்டும் வயற்சேறு.

"எப்பிடிப் புள்ள? முடியெல்லாம் கட்டையா வெட்டிருக்காய். கொழும்பு ஸ்டைலா?"

"மாமா, நீங்க என்ன இஞ்ச?"

"என்ட முறைதானே. ஷிப்லி போட்டிருந்தான். நெல்லு வெட்டுற மெசினக் கூட ஒரு மணித்தியாலம் நிப்பாட்டிப் போட்டு வந்திரிக்கன்."

றம்ஸியா உம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். உம்மாவின் காது சிவந்து கிடந்தது.

"திகதி எப்ப எண்டு ஷிப்லி கேட்டான்," என்று உம்மா முணுமுணுத்தார். "பயத்தில புதன் எண்டுட்டன். ரத்தம் வேணாம் எண்டா ஏன் எண்டு கேப்பான்தானே."

றம்ஸியாவுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. செல்லத்தம்பியோ அதற்குள் உள்ளே போய்க் கதிரையில் சாய்ந்து, சேட்டுக் கையைச் சுருட்டியாயிற்று. தாதி சிவரூபினி படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

ஆய்வுகூட ஜன்னலில் பெயர் கூப்பிட்டார்கள். றம்ஸியா கடதாசியை வாங்கிக் கண்ணருகே பிடித்தாள். ஊருக்கெல்லாம் கணக்குப் படிப்பிக்கிறவளுக்கு ஒரு எண்ணை வாசிக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பதினொன்று புள்ளி எட்டு. யாரும் கொடுக்காத இரத்தம். அவளே உண்டாக்கியது.

உம்மாவிடம் காட்டினாள். உம்மா அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்று காதுக்குள் சொன்னார். பிறகு அதே மூச்சில், "ஒருத்தருக்கும் சொல்லாத மகள். கண்ணூறு படும்."

"உம்மா, அந்த மனிசன் உள்ளுக்குக் கைய நீட்டிட்டுக் கிடக்காரு."

"இந்த ஒரு தரம் குடுக்கட்டுமே."

"பதினாறு வரிசமாக் குடுத்தவர் உம்மா. அவர்ர கண்ணா என்னில படப்போகுது?"

றம்ஸியா நேரே உள்ளே போய்ச் செல்லத்தம்பியின் முன்னால் நின்றாள். கொழும்பு இல்லை, கட்டை முடி ஸ்டைலும் இல்லை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். கடைசியில் கடதாசியை நீட்டினாள்.

"எனக்கு இனி ஆர்ர ரத்தமும் வேணாம் மாமா."

செல்லத்தம்பி கடதாசியைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். சுருட்டிய சேட்டுக் கையை மெல்ல இறக்கத் தொடங்கினார். மனிதர் கோபித்துக்கொண்டார் என்றே றம்ஸியா பயந்துவிட்டாள்.

"நல்லது புள்ள," என்றார். குரல் உடைந்தது. "கேக்க வயிறு குளிருது. ஆனா இனி நான் என்னத்தச் சாட்டி உன்ன வந்து பாக்கிற?"

அழக்கூடாது என்று காலையிலிருந்து கட்டுப்படுத்தி வைத்திருந்தவள் அங்கேயே விம்மிவிட்டாள்.

"சாட்டு எதுக்கு மாமா? வெள்ளிக்கிழம பகல் சோத்துக்கு வாங்க. ஒம்பது பேரும் வாங்க."

அப்போதுதான் கதவடியில் அந்தச் சத்தம் எழுந்தது. ஆசியா உம்மா முந்தானையை வாயோரம் பிடித்துக்கொண்டு குரவை போட்டார். கலியாண வீட்டில் மாப்பிள்ளை வாசலுக்கு வரும்போது போடுகிற அதே குரவை, அடிவயிற்றிலிருந்து, விட்டு விட்டு மூன்று தரம். வரிசையில் நின்ற சனம் முழுக்கத் திரும்பியது. சிவரூபினி பேனையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"என்னம்மா இது, ஆஸ்பத்திரியில?"

"என்ட மகளுக்குச் சுகம் வந்திட்டு மிஸ்," என்று உம்மா வரிசை முழுக்கக் கேட்கச் சொன்னார். "நல்லாப் பாருங்க எல்லாரும், இவதான் என்ட மகள்."

செல்லத்தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இறக்கிய சேட்டுக் கையை மறுபடி மேலே சுருட்டினார்.

"மிஸ், வந்ததுதான் வந்திட்டன்," என்றார். "வேற ஆரும் புள்ளைக்கெண்டு என்ட ரத்தத்த எடுங்க."