வெட்டாத நூல்

கெட்டிலை யாரும் தொடவில்லையே, அது எப்படி நசுங்கியது? அவளுக்கு முதலில் தோன்றிய கேள்வி அதுதான். மகளுக்கு என்ன ஆயிற்று என்பது இரண்டாவதாகத்தான் தோன்றியது. அந்த வரிசைக்காக அவள் பின்னாளில் நெடுங்காலம் தனக்குள் கூசிக்கொண்டிருந்தாள். முன்னறையில் அவள் கணவன் ஒன்பது வயது மகளை பெல்ட்டின் பக்கிள் முனையால் மூன்று முறை அடித்தான். சமையலறையில், அடுப்பிலிருந்து இறக்கி வைத்திருந்த கெட்டில் மூன்று முறை உள்வாங்கியது. மூன்றாவது அடிக்கு அதன் கைப்பிடி கழன்று தரையில் உருண்டது. மகள் சுவரோரம் நின்று, கொட்டும் மழையில் நனையாமல் போனவளைப்போலத் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு டம்ளர் டீ கொண்ட அலுமினியக் கெட்டில் அது. அன்று முதல் நான்கு டம்ளர்தான் கொண்டது.

காரணத்தை அவள் அன்று சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிட்டாள். அந்த வீட்டில் கத்தரிக்கோல் கிடையாது. கல்யாணமான இரண்டாம் வருடம் ஒருநாள், துணி வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடி தூங்கும் கணவனின் கழுத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிட்டாள். அவன் அந்த நேரம் பார்த்துக் கண்விழித்தான். கத்தரிக்கோல் அன்றே துறைமுகத்துத் தண்ணீருக்குள் போனது. பிளேடு, அரிவாள்மணை எல்லாம் அவன் எண்ணி எடுத்துக் கொடுத்து எண்ணித் திரும்ப வாங்கிப் பூட்டும் பொருள்களாயின. அதனால் அவள் ஸ்வெட்டர் பின்னி முடித்தாலும் நூலை வெட்டுவதில்லை. மிச்ச நூலில் அப்படியே அடுத்த பொருளைத் தொடங்கிவிடுவாள். இரண்டும் முடிந்த பிறகு நடுவில் பல்லால் கடித்துப் பிரிப்பாள். மகளின் நீல ஸ்வெட்டரை முடித்த கையோடு, டீ சூடு ஆறாமலிருக்க அவள் பின்னிய உறைதான் கெட்டிலுக்குப் போட்டிருந்தது. இரண்டும் ஒரே நூல். ஒன்றின் மேல் விழுந்த அடி நூல் வழியே நடந்து மற்றதற்குப் போய்விட்டது. அவளுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அடி என்றால் எங்காவது போய்த்தானே ஆகவேண்டும் என்று நினைத்தாள். இத்தனை வருடமாக அவன் பட்டதெல்லாம் அவள் முதுகுக்கு வந்து சேர்ந்த மாதிரி.

அவன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். அவனுடைய அண்ணன்தான் மேல்தெரு சுமைதூக்கிகளுக்குத் தலைவர். மூட்டையில் மாட்டி இழுக்கும் இரும்புக் கொக்கி எப்போதும் அவர் இடுப்பில் தொங்கும் என்பதால் ஊரே அவரைக் கொக்கி என்றுதான் சொல்லும், அவர் இல்லாதபோது. கப்பல் வரும் நாளில் மேல்தெருவும் கீழ்த்தெருவும் வேலைக்காக அடித்துக்கொள்ளும். வராத நாளில் வராததற்காக அடித்துக்கொள்ளும். அங்கே வாங்கியதை அவள் கணவன் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்குவான், மூட்டையை இறக்குவதுபோலவே, ஒரு முனகலோடு.

அடுத்த குளிருக்கு மகள் வளர்ந்துவிட்டாள். தாய் பழுப்பு நூலில் அவளுக்குப் புது ஸ்வெட்டர் பின்னினாள். கழுத்துப் பட்டை முடிந்ததும் நூலை வெட்டாமல் கணவனுக்கு ஒரு கையில்லா ஸ்வெட்டர் தொடங்கினாள். துறைமுகத்துக் காற்றில் அவனுக்குக் குளிருமே என்றுதான் பின்னுகிறோம் என்று ஒவ்வொரு வரிசையிலும் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஊசியிலிருந்த ஒரு கண்ணிகூட அதை நம்பவில்லை. அவன் போட்டுப் பார்த்துக் கண்ணாடி முன் திரும்பி நின்றான். "பரவாயில்லையே, உருப்படியா ஒண்ணு செஞ்சிருக்கே" என்றான். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவன் அவளைப் பாராட்டியது அந்த ஒருமுறைதான். அவளுக்குச் சிறிது சந்தோஷமாகவே இருந்தது. அந்தச் சந்தோஷத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் போய்ப் பாத்திரம் தேய்த்தாள்.

நான்காம் நாள், சோற்றுத் தூக்கைக் கீழே போட்டதற்காக அவன் மகளை உதைத்தான். உதைத்தவனுடைய விலா எலும்புகள் இரண்டு முறிந்தன. அவன் பிடிவாதக்காரன். தன்னை அடித்தது யாரென்று தெரியாத கோபத்தில் மறுபடி அவளையே அடித்தான். அந்தக் குளிர்காலம் முழுவதும் இப்படி நடந்தது. அவன் பல் போயிற்று, ஒரு காது கேட்காமல் போயிற்று, முதுகெல்லாம் பக்கிள் அச்சு விழுந்தது. துறைமுகத்தில் கேட்டவர்களிடம் கீழ்த்தெருக்காரன் அடித்தான் என்று சொல்லி அதற்காக வேறு போய் அடிபட்டு வந்தான். ஸ்வெட்டரை மட்டும் கழற்றவில்லை. அடிபட்ட உடம்புக்கு அது கதகதப்பாக இருந்ததாம். கடைசி நாளில் மகள் அவனெதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பத்து வயது முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. "அவ்வளவுதானாப்பா? இன்னும் ஒண்ணு" என்றாள். அவன் அடித்தான். "இன்னும் ஒண்ணு." தாய் கதவுநிலையைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தியிருக்கலாம். ஸ்வெட்டரை மகள் உடம்பிலிருந்து ஒரே இழுப்பில் உருவியிருக்கலாம். அவள் நகரவில்லை. அவன் குப்புற விழுந்து, வாயிலிருந்து ரத்தம் வழிந்து, அது வாசற்படி வரை வந்து நின்ற பிறகுதான் நகர்ந்தாள். துடைப்பதற்குத் துணி எடுத்து வர.

மூட்டை சரிந்து விழுந்த சாவு என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். உடம்பைக் கழுவியவர் அண்ணன். மூன்றாம் நாள் அவர் வந்து உட்கார்ந்து, கொக்கியை மடியில் வைத்துக்கொண்டு, "ஏம்மா, பெல்ட்டு தம்பி கையில இருந்திருக்கு. பக்கிளு தம்பி முதுகுல பதிஞ்சிருக்கு. ஒருத்தன் தன் முதுகுல தானே எப்படிம்மா அடிச்சுக்குவான்?" என்று கேட்டார். அவள் கண் மகள் போட்டிருந்த பழுப்பு ஸ்வெட்டருக்குப் போனது, அவர் கண்ணும் அங்கேயே போய் நின்றது. "நான் ஒண்ணும் கோச்சுக்கல. அவன் இருந்து என்னத்தைக் கிழிச்சான்? எங்க ஆளுங்களுக்கும் அதே மாதிரி பின்னிக் குடு" என்றார்.

அவள் பின்னிக் கொடுத்தாள். மேல்தெரு ஆட்கள் இருபத்தெட்டுப் பேருக்கும் கையில்லா ஸ்வெட்டர். ஒவ்வொன்றின் மிச்ச நூலிலும் ஒரு கருங்கல்லுக்கு உறை. கற்கள் அவர் வீட்டுப் பின்கட்டில் வரிசையாகக் குல்லாய் போட்ட கைக்குழந்தைகள்போல இருந்தன. துறைமுகத்தில் தடிச்சண்டை நடக்கும்போதெல்லாம் இங்கே கற்கள் தெறிக்கும். அக்கம்பக்கத்தார் சத்தத்தை வைத்தே இன்று எத்தனை பேர் மோதினார்கள் என்று சொல்லிவிடுவார்கள். யாருக்கும் காயமில்லாமல் சண்டை ஓயும் என்று அவள் நினைத்திருந்தாள். வலி இல்லாதவனுக்கு எப்போது நிறுத்துவதென்று தெரியாது என்பதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை. முதல் வருடம் கீழ்த்தெருவில் நான்கு பேர் செத்தார்கள். இரண்டாம் வருடம் ஒன்பது பேர். ஒருவனைக் கொக்கியால் தாடையில் மாட்டி, எடைபோடும் மேடை வரை இழுத்துப்போய் எடைபார்த்தார்கள், சும்மா, எத்தனை கிலோ இருக்கிறானென்று தெரிந்துகொள்ள. கீழ்த்தெருப் பெண்கள் அவள் பின்னல்மாதிரியைப் பார்த்துப் பார்த்துப் பின்னினார்கள். ஆனால் அவர்கள் வீடுகளில் கத்தரிக்கோல் இருந்தது. அவர்கள் ஆண்களுக்கு அது குளிரை மட்டுமே தாங்கியது.

இதற்கிடையில் மகள் பதினேழு வயதை எட்டினாள். அவள் படியில் உருண்டால் அழமாட்டாள், சைக்கிள் மோதினால் எழுந்து புழுதியைத் தட்டிவிட்டுப் போவாள். தெருவில் ஒருத்தியோடு சண்டை வந்தால் முதலில் தன்னை அடிக்கச் சொல்லி நிற்பாள். "எனக்கெல்லாம் வலிக்காது, எங்கம்மா கை அப்படி" என்பாள். அந்த அடியெல்லாம் இப்போது எங்கே போகிறதென்று அவள் கேட்டதில்லை. அப்பா செத்த பிறகு அம்மா வெயிலிலும் கழற்றாமல் போர்த்திக்கொள்ளும் சால்வை, வருடா வருடம் தன் ஸ்வெட்டரின் நிறத்துக்கே மாறுவதை அவள் கவனித்ததில்லை. ஒரே ஒருமுறை, முதுகு தேய்க்க வந்தவள், "என்னம்மா இது, இங்கெல்லாம் கன்னிப்போயிருக்கு?" என்றாள். "கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்றாள் தாய். மகளிடம் சொல்லலாமென்று அவள் பலமுறை வாயெடுத்ததுண்டு. சொன்னால் மகள் பார்த்து நடப்பாள், அது தெரியும். ஆனால் அன்று கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு அடி வாங்கியே தீரவேண்டும் என்றிருந்தது. அதைத் தாயன்பு என்று மற்றவர்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

எட்டாம் வருடம் கற்கள் தீர்ந்தன. எல்லாம் பொடிந்து உறைகளுக்குள் மணலாகிவிட்டிருந்தன. அண்ணன் ஒரு மத்தியானம் இரண்டு பை நிறைய மஞ்சள் நூலோடு வந்தார். மென்மையான, விலையுயர்ந்த நூல். மகள் இரு கைகளையும் நீட்டி ஒரு நூல்கண்டை மாட்டிக்கொள்ள, தாய் அதை உருண்டையாகச் சுற்றத் தொடங்கினாள்.

"இந்தத் தடவை கல்லு வேண்டாம்மா" என்றார் அவர், டீயை ஊதிக்கொண்டே. "எங்களுக்கு இருபத்தெட்டு. மிச்ச நூல்ல சின்னச் சின்ன சாக்ஸ். கீழ்த்தெருவுல கைக்குழந்தைங்க இருக்கு பாரு, அதுங்களுக்கு. நீயே கொண்டுபோய்க் குடு. பாவம், விதவை, நல்ல மனசுன்னு வாங்கிக்குவாங்க."

தாயின் கை ஒரு சுற்று தவறியது.

"எங்க ஆளு மேல தடி ஓங்குறதுக்கு முன்னால அவனுங்க யோசிப்பானுங்கல்ல? ஒரே வாரத்துல சண்டை முடிஞ்சிடும். பார்க்கப்போனா இது புண்ணியம்."

"பின்னிடும்மா" என்றாள் மகள், கைகளை நீட்டியபடியே. "நமக்கா வலிக்கப்போகுது?"

தாய் ஊசிகளை எடுத்தாள். ஒரு சாக்ஸ் பின்னினாள். பதினாறு கண்ணி போட்டாலே போதும், அவ்வளவு சின்னது. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. கட்டைவிரலில் மாட்டிப் பார்த்தாள். விரலைக்கூட அது முழுதாக மூடவில்லை. கல் தெறிக்கும் சத்தம் நினைவுக்கு வந்தது. அந்தச் சத்தத்துக்குப் பதில் வரக்கூடிய சத்தத்தை அவள் மனதுக்குள் கேட்டுப் பார்த்தாள். முழுதும் கேட்டாள், காதைப் பொத்திக்கொள்ளாமல். இதுவரை எல்லாவற்றையும் கதவுநிலையில் நின்றே பின்னியிருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

"இது வேண்டாம் மாமா" என்றாள்.

"எது?"

"குழந்தைங்களுக்குப் பின்ன மாட்டேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்பட்டவராகத் தெரியவில்லை. எழுந்து, தாயின் சால்வையையும் மகளின் ஸ்வெட்டரையும் ஒருமுறை மாறி மாறிப் பார்த்தார்; கொக்கியை உருவி, அதன் மரப்பிடியால் மகளின் இடப்பக்க விலாவில் ஓங்கி அடித்தார். மகள் வழக்கம்போலச் சிரித்தாள். "பெரியப்பா, எனக்குத்தான் வலிக்காதே" என்று சொல்லி முடிப்பதற்குள், எதிரே உட்கார்ந்திருந்த தாயின் சால்வைக்குள் எலும்பு முறியும் சத்தம் கேட்டது. தாய் பக்கவாட்டில் மடங்கி, மஞ்சள் நூல் மேல் ரத்தம் துப்பினாள்.

சிரிப்பு மகளின் முகத்திலிருந்து போக நேரமெடுத்தது. அவள் தன் ஸ்வெட்டரைப் பார்த்தாள், சால்வையைப் பார்த்தாள், இரண்டும் ஒரே பச்சை. பிறகு கையில் மாட்டியிருந்த நூல்கண்டைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு, ஸ்வெட்டரைத் தலைவழியே உருவி அம்மாவின் மடியில் வைத்தாள். ஒன்பது வயதுக்குப் பிறகு முதல்முறையாக, அவள் மேல் விழும் அடி இனி அவளுக்கே வலிக்கும். அப்படியே நின்றாள்.

அண்ணன் கொக்கியை மறுபடி ஓங்கிப் பிடித்திருந்தார். இந்த அடி யாருக்குப் போகும் என்று அவருக்கு இப்போது தெளிவாகத் தெரிந்திருந்தது. அதனாலோ என்னவோ, கை மேலேயே நின்றது. "கடைசியாக் கேக்கிறேன். பின்னுவியா, மாட்டியா?"

தாய் வாயைத் துடைத்துக்கொண்டாள். கட்டைவிரலிலிருந்த சாக்ஸைக் கழற்றி, அதன் நூல்முனையைப் பிடித்து இழுத்தாள். பதினாறு கண்ணியும் வரிசை வரிசையாக அவிழ்ந்து வந்தன. அவிழ்ந்த நூலை அவசரமில்லாமல் உருண்டையோடு சேர்த்துச் சுற்றி, இரண்டு பைகளோடும் வைத்து அவர் பக்கம் தள்ளினாள்.

"மாட்டேன் மாமா" என்றாள். "நூலை எடுத்துக்கிட்டுப் போங்க."