கண்ணாடிக்குள் நின்ற கார்டு

சம்பந்தி தந்த பொருளை ஒளித்து வைக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. பீரோ வந்தால் கூடத்தில் நிற்கும். மருமகளின் கம்ப்யூட்டருக்கு அவள் அப்பா விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கித் தந்தபோதும் அதே விதிதான்: கம்ப்யூட்டரின் கண்ணாடிப் பெட்டிக்குள் அது நிமிர்ந்து நிற்க வேண்டும் என்றேன்.

உள்ளே இருக்கும் மதர்போர்டில் நேராகச் செருகினால் கார்டு படுத்துக்கொள்ளும். நிற்க வைக்க, நாடா போல ஒரு கேபிள் வேண்டும். அதை வாங்கப் போனவன் என் தம்பி. திரைச்சீலைக்குத் துணி எடுப்பவன் போல நிறம் பார்த்து, முழம் போட்டு, பால் வெள்ளையில் ஒன்று கொண்டுவந்தான். ஒரு சாண் போதும். இது ஒரு முழம். மிச்சத்தை மடித்துத் திணித்தான்.

ஒரு நாள் காலை திரை கறுத்துவிட்டது. மருமகளின் முதல் வேலை, ஒரு கட்டட ஒப்பந்தக்காரருக்கான அசையும் படம், அன்று மாலை ஐந்து மணிக்குள் போக வேண்டும். போகாவிட்டால் வேலை வேறொருவருக்கு. நான்கு மணிக்குச் சம்பந்தி வேறு வருகிறார்.

கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்து கேபிளை இரண்டு விரலால் தூக்கினார். "இத யாரு சார் எடுத்தது?"

"நான்தான். கடையில இருந்ததுலயே நீளம்," என்றான் தம்பி, பதக்கம் வாங்குபவன் போல.

"நீளம் கூடினா சிக்னல் வழியிலேயே சோர்ந்துடும். கார்டும் போர்டும் எந்தத் தலைமுறையோ, கேபிளும் அதே தலைமுறையா இருக்கணும். இது பழசு. பத்தாததுக்குப் போர்வை மாதிரி மடிச்சு வச்சிருக்கீங்க!"

"சரியானது வாங்க?" என்றேன்.

"ரெண்டு நாளாகும். இப்போதைக்கு நேரா போர்டுல செருகலாம். ஓடும்."

"படுத்துடுமே! சம்பந்தி என்ன நினைப்பாரு?"

மருமகள் என் பக்கம் திரும்பினாள். "மாமா, மணி ரெண்டாச்சு."

சொன்ன நேரத்துக்குச் சொன்ன வேலை போகாத வீட்டுக்கு மானம் ஏது? "செருகுங்க," என்றேன். "டேய், அந்த நாடாவ நீயே இடுப்புல கட்டிக்கோ."

திரை ஒளிர்ந்தது. அவள் உட்கார்ந்தாள்.

தம்பிக்குத்தான் கை சும்மா இருக்காதே. கார்டு வந்த அட்டைப் பெட்டியின் முகப்புப் படத்தை வெட்டிக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறான். சம்பந்தி வந்து குனிந்தபோதுதான் அது என் கண்ணில் பட்டது.

"அடடா, என்ன கம்பீரமா நிக்குது! சத்தமே இல்ல பாருங்க!"

"எல்லாம் உங்க கைராசி," என்றான் தம்பி, கூசாமல்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்க, படம் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் மெக்கானிக் கேட்டார்: "சார், புது கேபிள் சொல்லிடவா?"

வேண்டாம் என்றேன். அட்டைப் படத்துக்குத் தலைமுறைத் தகராறு கிடையாது.