தொட்டியில் விட்ட தண்ணீர்

நன்றித் திருநாள் வான்கோழியின் மிச்சம் தீர்வதற்குள் காரின் பின்னால் கட்டி இழுக்கும் வீட்டு டிரெய்லரைக் குளிருக்குத் தயார் செய்துவிட வேண்டும் என்பது கனடாவின் சஸ்காச்சுவானில் எழுதாத சட்டம். பிந்தினால் பக்கத்து வீட்டுக்காரன் வேலிக்கு மேல் தலையை நீட்டிக் கேலி செய்வான். ஒரெஸ்ட் ஹ்னாட்யுக் ஒரு வருடமும் பிந்தியதில்லை. இந்த வருடமும் நேரத்துக்கே தொடங்கினார். செய்ததில்தான் கோளாறு.

குழாய்களில் நிற்கும் தண்ணீரை வெளியேற்றி, பனியில் உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தை ஏற்ற வேண்டும். அது சுடுநீர்த் தொட்டிக்குள் போய் வீணாகாதபடி ஒரு வால்வைத் திருப்பிவிட்டு, தொட்டியின் அடைப்பை வெளியிலிருந்து கழற்றி வடித்துவிட வேண்டும். வடிக்காமல் விட்டால் உள்ளே உறையும் தண்ணீர் தொட்டியைப் பிளந்துவிடும். விஷயம் வசந்தத்தில்தான் வெளியே வரும்.

ஒரெஸ்ட் வால்வைத் திருப்பினார். அடைப்பைத் தொடவில்லை.

டிரெய்லருக்குள் அவர் மனைவி மார்லீன் ஒவ்வொரு குழாயாகத் திறந்து குரல் கொடுத்தார். அது இந்த வீட்டு வழக்கம். ஒரெஸ்ட் பம்பை ஓட்டுவார், மார்லீன் நிறம் பார்ப்பார்.

"சமையலறைல வந்தாச்சு, பிங்க்!"

"சரி."

"குளியலறைலயும் வந்தாச்சு! அழகா இருக்கு கிழவா, நம்ம கல்யாணத்துக்கு உங்கம்மா போட்டுட்டு வந்த தொப்பி மாதிரியே."

எல்லாக் குழாயிலும் நிறம் வந்துவிட்டது. சந்தையில் நன்றாக விலைபோகும் பொய் முக்கால்வாசி உண்மை கலந்த பொய்தான். கலப்படம் செய்பவனுக்கு இது தெரியும்.

"அடுத்த ஜூன்ல இதே குழாய்ல நான் காபிக்குத் தண்ணி பிடிக்கும்போது ஜன்னல்ல கடல் தெரியும்" என்றார் மார்லீன். கிழக்குக் கடலோரத்து நோவா ஸ்கோஷியாவில் அவருடைய அக்கா இருக்கிறாள்; அங்கேதான் டிரெய்லரை ஓட்டிப் போவதாகத் திட்டம். பக்கத்து ஏரிக்கரையைத் தாண்டி இந்த டிரெய்லர் போனதே இல்லை. புதுத் திரைச்சீலைகூடத் தைத்தாயிற்று.

ஒரெஸ்டுக்கு அந்தப் பயணம்தான் பயம். கோடையில் ரெஜினா நெடுஞ்சாலையில் கார் தானாகப் பக்கத்து வரிசைக்கு நழுவியது. லாரிக்காரன் ஹாரன் அடித்து உலுக்கிவிட்டான். "குடிகாரப் பய" என்று அவனைத் திட்டினார் ஒரெஸ்ட். மார்லீனும் கூடச் சேர்ந்து திட்டினார். உண்மையில் பக்கக் கண்ணாடியில் அந்த லாரி ஒரெஸ்டின் கண்ணில் படவே இல்லை. அதைச் சொல்வதைவிடத் தொட்டி வெடித்துப் பயணம் நின்றுபோவது மலிவு என்று கணக்குப் போட்டார்.

மறுநாள் மதியம் காற்று வடக்கிலிருந்து வீசத் தொடங்கியது. மேசையில் வெண்ணெயில் வதக்கிய பெரோகி, உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை.

"என்ன, தொடவே இல்ல? வெங்காயம் கருகிடுச்சா?"

"இல்ல, நல்லாருக்கு."

"ராத்திரி கடுங்குளிராம். நல்லவேளை, நேத்தே நீ எல்லாத்தையும் முடிச்சுட்ட. எதிர்வீட்டு லாய்ட் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, சோம்பேறி."

அந்த 'நல்லவேளை'க்கு மேல் உட்கார முடியவில்லை. ஒரெஸ்ட் எழுந்து குறடோடு வெளியே போனார். டிரெய்லரின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து அடைப்பைத் திருகினார். சுண்ணாம்புத் துகளோடு தண்ணீர் பீய்ச்சி அவர் காலுறையை நனைத்தது.

நிமிர்ந்தால், மார்லீன் கையைத் துடைத்தபடி நிற்கிறார்.

"மறந்துட்டியா? வயசாச்சு உனக்கு!"

'ஆமாம்' என்றால் முடிந்துபோகும் விஷயம். அவரே விலையைக் குறைத்துக் கையில் கொடுக்கிறார்.

"மறக்கல" என்றார் ஒரெஸ்ட். "வேணும்னுதான் விட்டேன். அன்னைக்கு அந்த லாரிக்காரன் குடிக்கல, மார்லீன். எனக்குத்தான் அவன் தெரியல. டொராண்டோவத் தாண்டி அவ்வளவு தூரம் என்னால ஓட்ட முடியாது."

தண்ணீர் சரளைக் கல்லில் ஓடி நின்றது.

"கண்ணு தெரியலன்னு சொல்லியிருந்தா டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிருப்பேன். பயம்னு சொல்லியிருந்தா ரெண்டு நாள் கிண்டல் பண்ணிட்டு விட்டிருப்பேன். நீ என்ன பண்ண? நான் உள்ள நின்னு பைத்தியம் மாதிரி பிங்க், பிங்க்னு கத்திட்டிருந்தேன். வசந்தத்துல தொட்டி பிளந்ததும், 'ஐயோ பாவம்'னு நீயே என் முதுகத் தட்டிக் கொடுத்திருப்ப. இல்லையா?"

"இப்பத் திறந்துட்டேனே."

"தொட்டிதான் தப்பிச்சது."

மார்லீன் வீட்டுக்குள் போனார். சமையலறை ஜன்னல் பாதி திறந்திருந்தது. தொலைபேசியில் அக்காவிடம் பேசுவது கேட்டது.

"வண்டி இல்ல, ரயில்ல வர்றேன்... ஆமா, ஜூன்லயே... அவரா? இல்ல, நான் மட்டும்தான்."

நனைந்த காலுறை விறைத்துக்கொண்டு வந்தது. உள்ளே போய் மாற்றிக்கொள்ள ஒரெஸ்டுக்குத் துணிவு வரவில்லை.