வெள்ளிக்கிழமை மீன்

இன்னாசித்தம்பி அந்த ஆளைத் தேடித் திரிந்தவனில்லை. தானாக வந்து சேரும் என்று வலையைப் போட்டுவிட்டு இருந்தவன்.

கடற்கரைக் குருநகரில் ஷெல் விழத் தொடங்கின காலம், குடும்பத்தோடு யாழ்ப்பாணப் பட்டணத்தின் உள்ளுக்குத் தள்ளி வந்தான். மகள் மெற்றில்டாவைப் பக்கத்து அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தான். எல்லாச் சமயத்துக்கும் பொது என்று வாசலில் வைத்துச் சொன்னார்கள். அப்படிச் சொல்லுகிறவன் வாசலில்தான் சொல்லுவான்.

ஒரு வெள்ளிக்கிழமை. கத்தோலிக்க வேதக்காரருக்கு வெள்ளியில் இறைச்சி ஆகாது, மீன் ஆகும். விரதச் சாப்பாடென்று தாய்க்காரி சோறும் மீன்குழம்பும் கட்டிவிட்டாள். சைவக்காரருக்கு அன்றைக்கு மீன் மணமே ஆகாது. அது அந்தக் குஞ்சுக்கு எப்படித் தெரியும்? கனகசபாபதி மாஸ்டர் பார்சலைப் பிரித்துப் பார்த்துக் காகத்துக்கு எறிந்தார்.

"சைவப் பிள்ளையளுக்கை இருந்து நாறவோ வந்தனீ? போய் வெய்யிலிலை நில், மணி அடிக்குமட்டும்."

நின்றாள். பிறகு ஒருநாளும் பள்ளிக்கூட வாசல் மிதிக்கவில்லை. இப்போது கருவாடு காயப்போடுகிறாள்.

தொண்ணூற்றைந்தில் ஆமி நெருங்க, யாழ்ப்பாணப் பட்டணமும் சேர்ந்து வலிகாமச் சனம் முழுக்க மழைக்குள் கிளம்பித் தென்மராட்சிக்கு வந்தது. சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதி முகாம். அங்கே சமையல் இன்னாசித்தம்பி. வெள்ளிக்கிழமையில் இரண்டு கிடாரம் வைப்பான். சைவருக்குப் பருப்பு, மற்ற ஆட்களுக்கு அவனே வலை வீசிப் பிடித்த திரளி மீன்.

அந்த வெள்ளி, வரிசையில் கனகசபாபதி மாஸ்டர். தாடி மண்டி, கையில் ஒரு நெளிந்த கோப்பை. இன்னாசித்தம்பி பருப்புக் கிடாரத்தை மூடினான்.

"பருப்பு முடிஞ்சுது. மீன்தான்."

"பொய்யடா! இப்பதானே எனக்கு வாத்தனீ," என்றாள் முன்னால் நின்ற மனிசி.

"வாயை மூடிக்கொண்டு தின்னணை."

"அண்ணை, இண்டைக்கு வெள்ளியெல்லே..." மாஸ்டர் இழுத்தார்.

"எங்களுக்கும் வெள்ளிதான்."

அந்த வாய் ஓங்காளிக்கும், கண் கலங்கும் என்றுதான் அவன் இத்தனை வருசமும் நினைத்துப் படுத்தவன். மாஸ்டரோ நின்ற நிலையில் தின்றார். முள்ளைச் சூப்பினார். திரும்பி வந்து கோப்பையை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் குழம்பு விடுங்கோ அண்ணை. நல்ல ருசி."

இன்னாசித்தம்பி அகப்பையைத் தூக்கவில்லை.

"மெற்றில்டாவைத் தெரியுமோ?"

"ஆரது?"

"வெள்ளிக்கிழமை மீன் கொண்டுவந்த வேதக்காரப் பெட்டை. வெய்யிலிலை விட்டனீங்கள்."

மாஸ்டர் நீட்டின கோப்பையைக் கீழே இறக்கினார்.

"இண்டைக்கு வெய்யில் இல்லை, மழைதான் கிடக்கு. போய் முத்தத்திலை நில்லுங்கோ, மணி அடிக்குமட்டும். பிறகு குழம்பு தாறன்."

பசி பொல்லாதது. மாஸ்டர் இறங்கிப் போய் நின்றார். கோப்பையில் மழைத்தண்ணி சேர்ந்தது.

"எப்பவடா மணி அடிக்கும்?" மனிசி மெல்லக் கேட்டாள்.

"பள்ளிக்கூடம் நடந்தாலெல்லோ அடிக்கிறதுக்கு," என்றவன் அடுத்த கோப்பைக்குச் சோறு போட்டான்.