நீலத்துக்குத் துணை

சிங்காநல்லூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் குமாரசாமிக்கு மீன் என்றால் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஹாலில் இருந்த கண்ணாடித் தொட்டி மகன் சபரீஷுடையது. ஆப்பிரிக்க ஏரி மீன், சிக்லிட், மலாவி என்று அவன் ஏதேதோ பெயர் சொல்வான். "பொரிச்சா நல்லா இருக்குமாடா?" என்று கேட்டு இவர் அவனை வம்புக்கு இழுப்பார். நீலாம்பூர் பைபாஸில் புது பைக்கில் போகும்போது லாரியில் அடிபட்டு சபரீஷ் செத்துப்போன பிறகு அந்தத் தொட்டிப் பக்கமே யாரும் போகவில்லை. மீன்கள் ஒவ்வொன்றாய் மிதந்தன. உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட ஒரே ஒரு நீல மீன் மட்டும் கல்லில் படிந்த பாசியைக் கொறித்துக்கொண்டு, சாகமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டு கிடந்தது.

அவர் மனைவி குழந்தையம்மாளும் ஏறக்குறைய அப்படித்தான் கிடந்தாள். தட்டு வைத்தால் இரண்டு வாய், கேட்டால் ஒரு தலையாட்டல். சொந்தபந்தமெல்லாம் ஆறுதல் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்க் கல்யாணம், காதுகுத்து என்று தங்கள் பாட்டைப் பார்க்கக் கிளம்பிவிட்டது. பையனைத்தான் பறிகொடுத்தாயிற்று, இவளும் போய்விட்டால் நான் யாருக்காகச் சம்பாதித்து யாருக்காக மூச்சுவிடுவது என்று குமாரசாமி பட்டறையில் மெஷினை ஓடவிட்டுக்கொண்டு அழுவார். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

ஒருநாள் சாயங்காலம் அவர் உள்ளே நுழையும்போது அவள் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, தம்பி மீனு ஒத்தையாக் கெடக்குதுங்க. தொணைக்கு எதாச்சும் வாங்கியாந்து உடுங்களே."

மாதக்கணக்கில் பேசாதவள் பேசிவிட்டாள். குமாரசாமி செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்த வழியே திரும்பி ஓடினார்.

அவசரக்காரன் புத்தி எங்கே போகும்? கண்ணில் பட்ட முதல் கடையில் ஏறி, நீலத்துக்கு நீலம், பட்டைக்குப் பட்டை என்று அச்சு அசலாக அதேபோல் ஒன்றைப் பொறுக்கி எடுத்துவந்தார். நம்ம சனம் நம்ம சனத்தோடு சேர்ந்துகொள்ளும் என்பது அவர் கணக்கு. விட்ட நிமிடத்திலிருந்தே பழையது புதியதைத் துரத்தியது. மறுநாள் காலையில் புதியதற்கு வால் இல்லை, மத்தியானம் உயிரும் இல்லை. குழந்தையம்மாள் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். வாய் திறந்தவளைத் தானே மறுபடி ஊமையாக்கிவிட்டோமே என்று குமாரசாமி தலையில் அடித்துக்கொண்டார்.

பட்டறையில் யாரோ உக்கடத்தில் அப்துல் நாசரின் வளர்ப்பு மீன் கடையைச் சொன்னார்கள். நாசர் முழுக்கதையையும் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார்.

"ஏனுங்ணா, நீங்களும் உங்க பங்காளியும் ஒரே கெணத்துல சண்டையில்லாமத் தண்ணி எறைப்பீங்களா?"

பெரியப்பா மகனோடு கிணற்றுத் தகராறில் பல்லடம் கோர்ட்டுக்கு நடையாய் நடக்கிற ஆள் குமாரசாமி.

"இங்கயும் அதேதானுங்க. ஒரே நெறம், ஒரே பட்டைன்னா பங்குக்கு வந்துட்டான்னு நெனைச்சுக்கும். வேற நெறமா இருந்தா அவ்வளவாக் கண்டுக்காதுங்க."

குமாரசாமி மினுமினுவென்று இருந்த பீகாக் என்ற மீன் ஒன்றைக் காட்டினார். நாசர் தலையாட்டி மறுத்தார். "அது சாதுங்ணா. உங்க நீலம் ரவுடி. நோண்டியே கொன்னுபோடும்." பிறகு மஞ்சள் மீன்களையும் செங்கல் நிற மீன்களையும் காட்டினார். ஒன்றிரண்டு விட்டால் அடி முழுக்க அதற்கே விழும், கும்பலாக விட்டால்தான் அடி பங்காகும் என்றார். "உடறதுக்கு முன்னால கல்லையெல்லாம் பெரட்டி மாத்தி அடுக்கிப்போடுங்க. பழசுக்குத் தன் எடம் எதுன்னே தெரியக் கூடாதுங்க."

எது எதோடு சேரும், எது முறைக்கும், எது விட்டுக்கொடுக்கும் என்று குமாரசாமி துருவித் துருவிக் கேட்டார். சபரீஷுக்குப் பெண் பார்த்திருந்தால்கூட இத்தனை விசாரித்திருக்க மாட்டோம் என்று தோன்றிய இடத்தில் கண் முட்டிக்கொண்டு வந்தது. நாசர் அதைப் பார்க்காதவர்போல் மீன்களைப் பிடித்துக் கவரில் கட்டத் தொடங்கினார்.

இந்த முறை பலித்தது. நீலம் ஒருநாள் முறைத்துப் பார்த்தது, எதைத் துரத்துவது என்று தெரியாமல் குழம்பியது, பிறகு தன் பாட்டுக்கு ஒரு கல்லிடுக்கைப் பிடித்துக்கொண்டது. குழந்தையம்மாளின் நாற்காலி பழைய இடத்துக்கே வந்தது. "மஞ்சக்காரி இன்னைக்குச் செரியாத் திங்கலீங்க" என்று புகார் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு மத்தியானம் அவளாகவே எழுந்து அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினாள். அன்றைக்கு அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததில் குமாரசாமி தன் தட்டைத் தொடவே இல்லை.

சபரீஷின் வருசத் திதி வந்தது. குமாரசாமி பங்காளிகளோடு கொடுமுடிக்குப் போய், காவிரியில் முழுகிப் பிண்டம் கரைத்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பினார். ஹாலில் குழந்தையம்மாள் ஈரச் சேலையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். தொட்டி பளிங்குபோல் சுத்தமாக இருந்தது. மேலே மஞ்சளும் செங்கல் நிறமும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. நீலமும் மிதந்தது.

"தம்பி நாளும் அதுவுமா அதுக உப்புத் தண்ணியிலயா கெடக்கோணும்னு தோணுச்சுங்க. வடவள்ளியிலிருந்து எங்க அருண்குமார் அண்ணன் கேன் கேனாச் சிறுவாணிக் குடிதண்ணி கொண்டாந்து குடுத்தாரு. போர்த் தண்ணிய முச்சூடும் எறைச்சுப்போட்டு நானே கழுவி ஊத்துனேன். மொதல்ல நல்லாத்தான் சுத்துச்சு..."

குமாரசாமி கொல்லைப்புறம் போய் நாசருக்குப் போன் போட்டார்.

"சிறுவாணியா? அடக் கடவுளே! நமக்குத்தானுங்ணா அது தேவாமிர்தம். இதுக பொறந்த ஏரியில தண்ணி கெட்டிங்க, உப்புச்சத்து நெறைஞ்சது. போர்த் தண்ணிதான் அதுகளுக்கு உசுரு. மெதுமெதுவா மாத்துனாலே ஆகாது, ஒரேயடியா மாத்துனா எது தாங்கும்? நான் முன்னாலயே சொல்லியிருக்கோணும், தோணாமப் போயிருச்சு. யாருங்ணா ஊத்துனது?"

குமாரசாமி போனை வைத்தார். கோயமுத்தூரில் பிறந்தவள், தன்னால் கொடுக்க முடிந்ததில் எது உசத்தியோ அதைப் பிள்ளையின் பேரால் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறாள். அதுதான் கொன்றது என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது? சொன்னால் அவள் இருப்பாளா?

அவர் உள்ளே வந்ததும் அவள் கேட்டாள். "பாய் என்னங்க சொன்னாரு? நான் எதாச்சும் பண்ணிப்போட்டனுங்களா?"

"நீ ஒன்னும் பண்ணல அம்மணி. ஒத்துவராத மீனுகளாமா. பாய் வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னாரு. நான்தான் கேக்காம வாங்கியாந்துபோட்டேன். அடிச்சுக்கிட்டுச் செத்துப்போச்சு."

அவள் ஈர முந்தானையைப் பிழிந்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அந்தப் பெரிய வண்டி வேண்டாம் வேண்டாம்னு நானுந்தான் சொன்னேன். நீங்கதாங்க கேக்காம அவனுக்கு எடுத்துக் குடுத்தீங்க."

ஒரு வருடமாக அவள் சொல்லாமல் வைத்திருந்தது அது. என்றைக்குச் சொல்வாளோ என்று அவர் பயந்து பயந்து செத்ததும் அதற்குத்தான். சிறுவாணி என்ற ஒரு வார்த்தை போதும், மீன் செத்த பழியாவது அவர்மேல் இருந்து இறங்கிவிடும். அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. அவர் அதை விழுங்கினார்.

"ஆமா அம்மணி. ரெண்டும் நான்தான்."

குழந்தையம்மாள் சுவரைப் பிடித்து எழுந்து, மகனின் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவே இல்லை.