கொப்பியில் இருந்த நம்பர்

சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வத்தேகம டவுனில் இருபத்திரண்டு வருசம் ஹாட்வெயார் கடையில் நின்று பழகியது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்குப் பொலிஸ் முறைப்பாடு என்றாலும், அரசாங்கக் கச்சேரியில் பத்திரம் எடுப்பது என்றாலும், கிளினிக் என்றாலும், "ராஜலிங்கத்தைக் கூப்பிடு" என்பார்கள். அதில் எனக்கு ஒரு மிதப்பு இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

என் அக்கா ரத்தினம்மாவின் புருசன் வீரையா மச்சானுக்குச் சிறுநீரில் இரத்தம் போனது. வலி இல்லாததால் உடம்புச் சூடு என்று தானே முடிவு கட்டி, மூன்று மாதம் வெந்தயத் தண்ணீர் குடித்துக்கொண்டு, யாரிடமும் மூச்சுவிடாமல் இருந்திருக்கிறார். அவர் கட்டியிருந்த சாரத்தைத் துவைக்கும்போது அக்கா கண்டுபிடித்துவிட்டாள். கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வேலை வழக்கம்போல என் தலையில் விழுந்தது.

அவர்களுடைய மகள் கிருஷாந்தி தானும் வருவதாகச் சொன்னாள். பல்லேகலயில் கார்மென்ட் வேலைக்குப் போகிற பிள்ளை. "மூத்திரச் சமாச்சாரம் பேசுற எடத்துல பொம்பளப் புள்ளைக்கு என்னா வேல? நீ வேலைக்குப் போ" என்று நான்தான் அதட்டினேன். மச்சானும் வெட்கத்தில் தலையாட்டினார்.

சித்திரைப் புதுவருசம் முடிந்ததும், சிறுநீர்த் துவாரம் வழியாகவே கமெரா விட்டுப் பார்த்து, சிறுநீர்ப் பைக்குள் இருந்த கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். ஐந்து நாள் குழாயும், இரத்தம் கலந்த மூத்திரம் நிரம்பிய பையுமாகக் கிடந்தார். சோதனையில் புற்று என்று வந்தது.

"இப்போதைக்கு மேலோட்டமாகத் தெரிகிறது" என்றார் டாக்டர் சிங்களத்தில். "ஆனால் தசைக்குள் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதே இடத்தை ஆறு வாரத்துக்குள் இன்னொரு தடவை சுரண்டுவோம். பிந்தக்கூடாது. திகதியைப் போனில் சொல்வார்கள்."

ஒரு சொல் விடாமல் மச்சானுக்குச் சொன்னேன். நர்ஸ் மிஸ் நம்பர் கேட்டார். மச்சானுக்குப் போன் கிடையாது. கிளினிக் கொப்பியின் மட்டையில் என் நம்பரை நானே பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.

போன் வந்தது மே மாதம். நான் கண்டி குட்செட் பஸ் நிலையத்தில், கிருஷாந்தியின் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீராக எடுத்த சேலைப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

"வீரையா என்ற நோயாளியை வருகிற செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து சேருங்கள்" என்றது ஒரு பெண் குரல்.

கல்யாணம் அதே வாரம் வெள்ளிக்கிழமை. மாத்தளையில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். மாப்பிள்ளை சுதேஷுக்கோ அவன் வீட்டுக்கோ புற்று விசயம் தெரியாது. பெண்ணின் தகப்பன் மூத்திரப் பையைத் தூக்கிக்கொண்டு மணவறைக்குப் பக்கத்தில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். கல்யாணமே நின்றுபோகலாம் என்ற பயமும் வந்தது. கொஞ்ச நாளில் என்ன குடி முழுகிவிடப் போகிறது?

"மிஸ், வீட்டில் கல்யாணம். தள்ளிப் போடுங்கள்" என்றேன்.

"நோயாளி சம்மதித்தாரா? இந்த இடம் போனால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது."

"அவர் சொல்லித்தான் சொல்கிறேன்" என்று கூசாமல் புளுகினேன்.

நான் நினைத்தது இரண்டு வாரம். கிடைத்ததோ செப்டெம்பர். இரண்டு தடவை லீவு போட்டுப் போய்க் கெஞ்சினேன். எனக்கு முன்னால் எத்தனையோ பேர் நம்பர்ச் சீட்டுடன் நின்றார்கள். "லிஸ்ட் நீளமாம் மச்சான்" என்று அவரிடம் சொன்னேன். "பரவால்ல, நீங்க இருக்கீங்களே" என்றார்.

கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. வெள்ளை வேட்டியில் மச்சான் அரைமணிக்கு ஒரு தடவை மண்டபத்துக்குப் பின்னால் போய்ப் போய் வந்தார். வந்தவர்களை எல்லாம் சிரித்த முகத்தோடு சாப்பிட அனுப்பினார்.

ஆகஸ்ட் மாதம் ஒரு காலையில் அவருக்குச் சிறுநீர் அடைத்துவிட்டது. சுதேஷ் வேன் பிடித்துக்கொண்டு வந்தான். ஒவ்வொரு வளைவிலும் மச்சான் என் கையைப் பிடித்து நெரித்தார். ஆஸ்பத்திரி வாட்டில் பெரிய ஊசிக்குழலால் இரத்தக் கட்டிகளை இழுத்து எடுத்தார்கள். பிறகு ஸ்கேன் எடுத்தார்கள்.

மறுநாள் டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் ஒரு பக்கம், கிருஷாந்தி ஒரு பக்கம்.

"கட்டி பையின் சுவரைத் தாண்டிவிட்டது. வெளியேயும் பரவியிருக்கிறது. வலது சிறுநீரகம் அடைபட்டு வீங்கி நிற்கிறது. இனிப் பையை எடுத்தும் பயன் இல்லை. முதுகு வழியாகக் குழாய் போட்டுச் சிறுநீரை வெளியே எடுப்போம். வேதனையைக் குறைக்கலாம், அவ்வளவுதான்."

அதையும் தமிழில் சொன்னேன். 'அவ்வளவுதான்' என்பதை மட்டும் விட்டுவிட்டேன். மச்சான் கேட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

டாக்டர் பழைய தாள்களைப் புரட்டினார். அவர் முகம் மாறியது. "மே மாதம் ஏன் வரவில்லை? போன் பண்ணியிருக்கிறோம். வீட்டில் கல்யாணம், தள்ளிப் போடுங்கள் என்று உறவுக்காரர் ஒருவர் சொன்னதாக இங்கே எழுதியிருக்கிறது. அன்றைக்கு வந்திருந்தால் பையை எடுத்தாவது ஆளைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம்."

"என்னா மச்சான் சொல்றாரு?" என்று கேட்டார் வீரையா.

ஊருக்கெல்லாம் மொழிபெயர்த்தவன், கட்டிலின் இரும்புக் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டர் என்னைப் பார்த்தார். மச்சானும் என்னைப் பார்த்தார்.

"லிஸ்ட் நீளமா இருந்துச்சாம்ப்பா" என்றாள் கிருஷாந்தி. "அதான் பிந்திப் போச்சாம்."

பல்லேகலயில் இரண்டு வருசம் சிங்களப் பிள்ளைகளோடு தையல் மெசினில் உட்கார்ந்தவள். டாக்டர் சொன்னதில் ஒரு சொல்லும் அவளுக்குத் தப்பியிருக்காது. என் பொய்யையே எடுத்து அப்படியே சொன்னாள்.

"மாமா அப்பவே சொன்னாரே" என்றார் மச்சான். பிறகு மெதுவாக, "ஒரு போன் பண்ணியிருந்தாங்கன்னா கல்யாணத்தையே நிப்பாட்டிட்டு ஓடி வந்திருப்பேன். உசுரு இருந்தா இன்னொரு முகூர்த்தம் பாத்துக்கலாம்" என்றார்.

கிருஷாந்தி தகப்பனின் போர்வையைச் சரிசெய்தாள். பிறகு கொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நானும் பின்னால் போனேன்.

நர்ஸ் மிஸ்ஸிடம் சிங்களத்தில் பேனை கேட்டு வாங்கினாள். என்னுடையதை விட நல்ல சிங்களம். மட்டையில் இருந்த என் நம்பரை இரண்டு கோடு போட்டு வெட்டினாள். கீழே தன் நம்பரை எழுதி நர்ஸ் மிஸ்ஸிடம் காட்டினாள்.

"புள்ள..." என்றேன்.

"என் கல்யாணத்துக்காகன்னு அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியக் கூடாது மாமா" என்றாள். கழுத்தில் தாலிக்கயிறு இன்னும் மஞ்சள் வெளுக்காமல் கிடந்தது. "நீங்க வீட்டுக்குப் போங்க. இனிமே அவங்க போன் பண்ணினா எனக்கு வரும்."