குடை மடங்கிய பின்

புத்தகத்தில் எல்லாரும் சிரிக்கிற இடத்தில், படத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஏன் என்று எடிட்டருக்குப் பிடிபடவில்லை.

அந்த இடம் இதுதான். தூறல் விழுகிற மைதானத்தில் வேற்றுக் கிரகத்துக் கப்பல் ஒன்று வந்து இறங்குகிறது. கதவு திறக்கிறது. ஏழடி உயரத்தில் வெள்ளியாக மினுங்கும் ஓர் உருவம் வெளியே வந்து நிற்கிறது. மேயர் அதன் எதிரே நின்று பதினோரு பக்க வரவேற்புரையை மூச்சுவிடாமல் வாசிக்கிறார். தங்கள் கம்பீரம் என்கிறார், தங்கள் மௌனத்தில் தெரியும் ஞானம் என்கிறார். நாவலில் அடுத்த வரி: ‘மேயர் முடித்ததும், கீழே கிடந்த சாம்பல் நிறக் கூழாங்கல் ஒருமுறை இருமிவிட்டு, மழை நின்றுவிட்டது என்று சொல்லித் தன் குடையை மடக்கியது.’

எழுதியவள் எடிட்டரின் அக்கா. படமாக்குகிறேன் என்று மூன்று பேர் வந்து கேட்டும் கொடுக்காதவள், தங்கை எடிட் செய்கிறாள் என்ற ஒரே தைரியத்தில் கையெழுத்துப் போட்டாள். “என்ன வேணா மாத்திக்கோங்க. குடை மட்டும் இருக்கணும்” என்று சொல்லியிருந்தாள். போன வாரம் நாற்பது பேரைக் கூட்டிவைத்துப் போட்டுக் காட்டினார்கள். குடை மடங்கியது. அரங்கத்தில் ஒரு சிரிப்புகூட எழவில்லை.

“இன்னிக்கு நாலு மணிக்கு வேற நாப்பது பேர் வர்றாங்க,” என்றார் டைரக்டர் காலையில், வாசல் நிலையைப் பிடித்தபடி. “சிரிச்சாங்கன்னா சீன் இருக்கும். இல்லேன்னா தூக்கிடலாம்மா.”

“அக்காவும் வர்றா சார்.”

“அப்ப அவங்களே கண்ணால பாத்துக்கட்டும். நான் ஏன் வில்லனாகணும்?”

அவர் போனதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், நான்கு எட்டில் முடிந்துபோகிற அறையை நாற்பது முறை அளந்தாள். முதலில் நாவலின் வரியையே பின்னணிக் குரலாகப் போட்டுப் பார்த்தாள். கண் பார்த்ததையே காது மறுபடி சொன்னது. சிரிப்புக்குப் பொழிப்புரை எழுதியது போல் ஆயிற்று. அடுத்து, கூழாங்கல்லைத் திரை நிறையக் காட்டினாள். கல் பெரிதானது, அவ்வளவுதான். பிறகு குடை மடங்கும் ‘டப்’ ஒலியைக் கூட்டினாள். யாரோ கதவைச் சாத்துகிறார்கள் என்று தோன்றியது.

ஒருவேளை அந்த வெள்ளி உருவம் முதலிலேயே குடையாகத் தெரிந்துவிடுகிறதோ? காவலாளியைக் கூப்பிட்டுப் பாதிவரை காட்டி, “இது என்னண்ணே?” என்று கேட்டாள்.

“தூதர்தானே? சட்டை நல்லாருக்கு,” என்றார் அவர்.

ஆக, அதுவும் இல்லை. ஜனங்கள் சரியாக ஏமாறுகிறார்கள். ஏமாந்ததும் தெரிந்துகொள்கிறார்கள். பிறகு ஏன் சிரிக்க மாட்டேன் என்கிறார்கள்?

மணி பன்னிரண்டரை. திருத்திய காட்சியைக் கணினி கோத்துக் கொடுக்க இருபது நிமிடம் ஆகும் என்றது. அந்த இருபது நிமிடமும் அங்கே உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவள் போல இரண்டு தெரு தாண்டி வீட்டுக்கு வந்தாள்.

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவருக்கு அன்று விடுப்பு. கதவு திறந்த சத்தம் கேட்டதும் கையிலிருந்ததைச் செய்தித்தாளுக்கு அடியில் தள்ளினார். அட்டை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அக்காவின் நாவல்.

“என்னங்க இது? மூணு வருஷமா படிச்சிட்டேன், படிச்சிட்டேன்னு அக்காகிட்ட அளந்துகிட்டிருந்தீங்க?”

“படிச்சேனே. பின்னட்டையை.” அசடு வழிந்தார். “இன்னிக்கு நேர்ல கேள்வி கேட்டா மாட்டிக்குவேன்ல? சும்மா நிக்காத, தொந்தரவா இருக்கு. மேயர் பேசிட்டிருக்கார்.”

மேயர் என்றதும் அவளுக்கு நகரத் தோன்றவில்லை. முதன்முறையாக அந்த இடத்தைப் படிக்கிற ஒருவர், கைக்கெட்டும் தூரத்தில்! தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் அவர் முகத்தையே பார்த்தாள்.

கண்கள் வரி வரியாக இறங்கின. ஓரிடத்தில் நின்றன. அந்த வரிதான். அவர் சிரிக்கவில்லை! புருவம் சுருங்கியது. பிறகு அவர் விரலை அந்தப் பக்கத்தில் அடையாளமாகச் செருகிவிட்டு, முன் பக்கத்தைப் புரட்டினார். அதற்கும் முன் பக்கத்தை.

“தங்கள் மௌனத்தில் தெரியும் ஞானம்…” என்று முணுமுணுத்தார். “அடப்பாவி, குடைகிட்டயா!” அப்புறம்தான் வெடித்தது சிரிப்பு. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

“ஏன் பின்னாடி திருப்பினீங்க?”

“பின்னே? இவ்வளவு நேரம் யார்கிட்ட பேசித் தொலைச்சான்னு பாக்க வேணாமா? ஏய், சாப்பிடலையா? செம்பையாவது வச்சிட்டுப் போ!”

செம்பைத் தெருமுனையில்தான் கவனித்தாள். திரும்பவில்லை, அதோடே ஓடினாள்.

சிரிப்பு அந்த வரியில் இல்லை. அந்த வரி சாவி மட்டும்தான். பூட்டு பின்னால் இருக்கிறது, மேயர் உருகி உருகிப் பேசிய பக்கங்களில். படிப்பவர் சாவியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்த் திறக்கிறார். புத்தகம் அவருக்காகக் காத்திருக்கும், விரலைச் செருகிக்கொள்ளவும் விடும். படம் காத்திருக்காது. வினாடிக்கு இருபத்துநான்கு ஃபிரேம் வீதம் முன்னாலேயே போகும். இவளுடைய படத்திலோ குடை மடங்கிய அரை வினாடியில் பாண்டு வாத்தியம் கிளம்பி, கப்பல் உறுமத் தொடங்குகிறது. திரும்பிப் போக யாருக்கு நேரம்?

அப்படியானால் நேரம் கொடுத்தால் போதும். ஆனால் அந்த நேரத்தில் திரையில் எதைக் காட்டுவது? கருப்பாக விட்டால் கரண்ட் போய்விட்டது என்பார்கள். மேயர் முகத்தை நீட்டலாம் என்றால், எல்லா டேக்கிலும் குடை மடங்கிய உடனே டைரக்டர் ‘கட்’ சொல்லிவிடுகிறார். மேயர் சோம்பல் முறிக்கிறார்.

மணி இரண்டு. எடுத்த அத்தனையையும் முதலிலிருந்து ஓட்டினாள். இரண்டரை. நகம் கடிக்க மிச்சமில்லை. மூன்று பத்துக்கு, ஏழாவது டேக்கில் கிளாப் அடிப்பதற்கு முன்னால் வீணாக ஓடிய பதினைந்து வினாடி கிடைத்தது. மேயராக நடித்தவருக்கு வசனம் மறந்திருக்கிறது. கையிலிருந்த தாள்களைப் பின்னோக்கிப் புரட்டுகிறார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம். மேலே விளக்கை ஒரு பார்வை. மறுபடி தாளைப் பார்க்கிறார். விளக்கு இருந்த அதே உயரத்தில்தான் குடையும் நின்றிருந்தது; ஒட்டினால் குடை நின்ற இடத்தைப் பார்ப்பதாகவே தெரியும்.

வெட்டினாள், ஒட்டினாள், மூன்று ஐம்பத்தைந்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அரங்கத்தில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். “கையில என்னடி செம்பு?”

“சும்மா இரு அக்கா.”

மேயர் வாசித்தார். கல் இருமியது. குடை மடங்கியது. அமைதி. மேயர் தாளைப் பின்னால் புரட்டினார். மூன்றாவது வரிசையில் ஒரு பெண்மணிக்கு முதலில் சிரிப்புப் பீறிட்டது. பிறகு அந்த வரிசை முழுக்க, பிறகு அரங்கம் முழுக்க.

“அடுத்த டயலாக் ஒண்ணும் கேக்கலையேம்மா!” என்று பின்னாலிருந்து குனிந்தார் டைரக்டர். “சிரிப்பு அடங்க இன்னும் கொஞ்சம் இடம் விடு. சீன் இருக்கட்டும்.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கை பக்கம் திரும்பினாள். “என் மேயர் பக்கத்தைப் பின்னால திருப்பவே இல்லையேடி? இது நான் எழுதலையே?”

“உன் புத்தகத்துல படிக்கிறவங்க திருப்புறாங்கக்கா. படம் பாக்கிறவங்களால முடியாது. அதனால அவங்களுக்குப் பதிலா மேயர் திருப்புறார். குடை மடங்கினதும் வாத்தியத்தை எடுத்துட்டேன், அவர் தாளைத் திருப்புறதை வச்சேன். அறுபத்தாறு ஃபிரேம். ரெண்டே முக்கால் வினாடி.”